சர்ஜன்கள் கைவிட்ட இதயங்கள்: அலேன் கிரிபியேயின் வால்வு வந்த வழி

பெருந்தமனி வால்வு சுருக்கம் சத்தம் போடாமல் வளரும் நோய். இதயத்தின் இடது கீழறையிலிருந்து உடம்பு முழுக்க ரத்தம் கிளம்பும் வாசலில், மூன்று இதழ்கள் கொண்ட ஒரு வால்வு இருக்கிறது. நல்ல நிலையில் அது திறக்கும்போது 3 முதல் 4 சதுர சென்டிமீட்டர் வழி கிடைக்கும். வயது ஏற ஏற அந்த இதழ்களில் கால்சியம் படிந்து இறுகும். வழி 1 சதுர சென்டிமீட்டருக்குக் கீழே போய்விட்டால் அது கடுமையான சுருக்கம். அதற்குப் பிறகும் சிலர் பல வருடங்கள் ஒன்றும் தெரியாமல் நடமாடிக்கொண்டிருப்பார்கள். ஒருநாள் மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்கும், நெஞ்சைப் பிடிக்கும், அல்லது நின்ற இடத்தில் மயங்கி விழுவார்கள். அறிகுறி தலைகாட்டிவிட்டால் நாள் குறைவு. 1968-இல் ஜான் ராஸ், யூஜின் பிரான்வால்ட் என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள் தொகுத்துச் சொன்ன கணக்கை மருத்துவ மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள்: நெஞ்சுவலி வந்தவருக்குச் சராசரியாகச் சுமார் 5 ஆண்டு, மயக்கம் வந்தவருக்கு 3, இதயம் தளர்ந்து மூச்சுத்திணறல் வந்தவருக்கு 2.

மருந்து மாத்திரை அந்தக் கால்சியத்தைக் கரைக்காது. 1960-களிலிருந்து இருந்த ஒரே வைத்தியம், மார்பெலும்பைப் பிளந்து, இதயத்தை நிறுத்தி, ரத்த ஓட்டத்தை இயந்திரத்திடம் ஒப்படைத்து, பழைய வால்வை வெட்டியெடுத்துவிட்டு செயற்கை வால்வைத் தைப்பது. வைத்தியம் நல்ல வைத்தியம்தான். அது யாருக்குக் கிடைத்தது என்பதில்தான் சிக்கல். இந்த நோய் பெரும்பாலும் பிடிப்பது 70, 80 வயதுக்காரர்களை. 1980-களில் 70 வயதைத் தாண்டினாலே பல சர்ஜன்கள் தயங்கினார்கள். சிறுநீரகம் கெட்டிருந்தால், நுரையீரல் மோசமாக இருந்தால், இதயத்தின் பம்பு திறன் குறைந்திருந்தால் சொல்லவே வேண்டாம். உடம்பு தாங்காது என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

அப்படி அனுப்பப்பட்டவர்களைத்தான் பிரான்ஸின் ருவான் நகரத்து இதய மருத்துவர் அலேன் கிரிபியே தன் நோயாளிகளாக எடுத்துக்கொண்டார். பலூன், உலோக விரிப்பான், கடைசியில் கதீட்டர் (ரத்தக்குழாய்க்குள் செலுத்தும் மெல்லிய குழாய்) வழியாகப் போகும் வால்வு என்று அவர் செய்த வேலைகள் எல்லாவற்றையும் இந்த ஒரு நூலில் கோத்துவிடலாம்.

பாரிஸிலிருந்து ருவான் வரை

கிரிபியே 1945 ஜனவரி 25 அன்று பாரிஸில் பிறந்தவர். மருத்துவம் படித்தபின் நார்மண்டிப் பகுதியின் ருவான் நகரில் உள்ள சார்ல் நிக்கோல் பல்கலைக்கழக மருத்துவமனையில் சேர்ந்தார். 1970-களின் பிற்பாதியில் லாஸ் ஏஞ்சலஸின் சீடர்ஸ்-சைனாய் மருத்துவமனைக்குப் பயிற்சிக்குப் போனார். இதயத்துக்குள் மிதந்து போய் அழுத்தத்தை அளக்கும் பலூன் கதீட்டரை உருவாக்கிய ஸ்வான், கான்ஸ் இருவரும் வேலை செய்த இடம் அது. ஒரு மெல்லிய குழாயைக் கொண்டு இதயத்துக்குள் என்னவெல்லாம் செய்யலாம் என்ற எண்ணம் அங்கே காற்றிலேயே இருந்திருக்கும். திரும்பி வந்தபின் அவர் பாரிஸுக்குப் போகவில்லை. ருவானிலேயே பேராசிரியர் பிரிஸ் லெத்தாக்கின் துறையில் தங்கிவிட்டார், கடைசிவரை.

இதைச் சும்மா சொல்லவில்லை. பிரெஞ்சு மருத்துவத்தில் எல்லாப் பாதைகளும் பாரிஸுக்குத்தான் போகும். இதய அறுவையின் பெரிய பெயர்கள் எல்லாம் அங்கேதான் இருந்தன. விலங்குத் திசுவை குளூட்டரால்டிஹைடு என்ற ரசாயனத்தில் பதப்படுத்தி வால்வாக்கினால் உடம்பு அதை நிராகரிக்காது, சீக்கிரம் கெடவும் செய்யாது என்று காட்டிய அலேன் கார்ப்பெந்தியே பாரிஸின் புரூசே மருத்துவமனையில் இருந்தார். அந்தப் பதப்படுத்தும் முறை இல்லாமல் கிரிபியேயின் வால்வும் வந்திருக்காது. ஆனால் பெரிய சர்ஜன்கள் இல்லாத ஊரில் இருந்ததால், அறுவைக்கு மறுக்கப்பட்டவர்கள் என்ன ஆனார்கள் என்பது கிரிபியேயின் கண்முன்னாலேயே நடந்தது என்று எனக்குத் தோன்றுகிறது. இது என் ஊகம்தான்.

பலூன்: பாதி வெற்றி

1977-இல் சூரிக்கில் ஆந்திரயாஸ் கிரன்ட்சிக் அடைபட்ட இதயத் தமனியைப் பலூன் வைத்து விரித்துக் காட்டிய பிறகு, பலூனை எங்கெல்லாம் பயன்படுத்தலாம் என்று உலகம் முழுக்கத் தேட ஆரம்பித்துவிட்டார்கள். 1982-இல் அமெரிக்காவில் ஜீன் கான் ஒரு குழந்தையின் நுரையீரல் வால்வைப் பலூனால் திறந்தார். பிறவியிலேயே ஒட்டிக்கொண்ட, மென்மையான வால்வுகள் அவை. முதியவர்களின் கால்சியம் படிந்த வால்வில் பலூனை வைத்து அழுத்துவது வேறு விஷயம். கல்லாக இறுகிய இதழ் உடைந்து சில்லு மூளைக்குப் போனால் பக்கவாதம். வால்வு கிழிந்தால் சில நிமிடங்களில் மரணம். யாரும் கை வைக்காமல் இருந்ததற்கு நியாயம் இருந்தது.

1985 செப்டம்பரில் கிரிபியே கை வைத்தார். நோயாளி 70 வயதைக் கடந்த ஒரு பெண்மணி. அடிக்கடி மயங்கி விழுந்துகொண்டிருந்தவர், வயதைக் காரணம் காட்டி சர்ஜன்கள் மறுத்துவிட்டிருந்தார்கள். தொடைத் தமனி வழியாகக் கதீட்டரை ஏற்றி, வால்வுக்குள் பலூனை நிறுத்தி ஊதினார்கள். இதழ்கள் முழுக்கத் திறக்கவில்லை, ஆனால் இறுக்கம் தளர்ந்தது. அந்த அம்மாவின் மயக்கம் நின்றது. அடுத்த ஆண்டு ஜனவரியில் மூன்று நோயாளிகளின் அனுபவத்தை வைத்து லான்செட் மருத்துவ இதழில் கட்டுரை வந்ததும் ருவானுக்குக் கூட்டம் வந்தது. பல நாட்டு மருத்துவர்கள் பார்த்துக் கற்றுக்கொண்டு போனார்கள்.

மூன்று நான்கு ஆண்டுகளில் கூட்டம் கலைந்தது. பலூன் செய்தவர்களில் பெரும்பாலானோருக்கு ஓராண்டுக்குள் வால்வு மறுபடி சுருங்கிவிட்டது. அறிகுறி குறைந்தது, ஆயுள் நீளவில்லை என்று அமெரிக்கப் பதிவேடுகள் சொல்லின. 1990-களின் தொடக்கத்தில் பெரும்பாலோர் இதைக் கைவிட்டார்கள். இதயவியல் வரலாற்றில் ஒரு வேடிக்கைக் குறிப்பாக இந்த மனிதரின் பெயர் நின்றுபோயிருக்க வேண்டியது.

ஆனால் அந்தப் பலூன் சோதனைகளில் ஒன்று நடந்திருந்தது. எவ்வளவு கல்லாக இறுகிய வால்வாக இருந்தாலும், பலூன் ஊதியிருக்கும் அந்தச் சில நொடிகளில் அது வட்டமாக விரிந்துகொடுத்தது. பலூனைச் சுருக்கியதும் பழையபடி சுருங்கியது. அப்படியானால் விரிந்த நிலையிலேயே ஏதாவது ஒன்று அதைப் பிடித்து நிறுத்திவிட்டால்? விரித்த தமனி மறுபடி சுருங்காமல் உள்ளிருந்து தாங்கும் கம்பிவலைக் குழாயான ஸ்டென்ட் அப்போதுதான் வந்திருந்தது. 1986-இல் துலூஸில் ஜாக் புயேல் முதல் இதயத் தமனி ஸ்டென்டை வைத்திருந்தார். வால்வுக்குள்ளும் ஒரு ஸ்டென்ட், அதற்குள் மூன்று புது இதழ்கள். யோசனை இவ்வளவுதான். கேட்க எளிது.

பிணவறையில் கிடைத்த பதில்

இந்த யோசனைக்கு ஒரு பெரிய இடைஞ்சல் இருந்தது. பரிசோதிக்க விலங்கு இல்லை. ஆடோ பன்றியோ வயதானாலும் மனிதர்களைப் போல இப்படிக் கால்சியம் படிந்த பெருந்தமனி வால்வைப் பெறுவதில்லை. ஆட்டின் மென்மையான வால்வுக்குள் ஸ்டென்டை வைத்தால் பிடிமானமில்லாமல் வழுக்கிக்கொண்டு போய்விடும். மனித வால்வில் அது நிற்குமா என்பதை ஆடு சொல்லாது.

ஆகவே 1993, 94-இல் கிரிபியேயும் அவருடைய இளைய சகாவான எலேன் எல்ச்சானினோஃபும் பிணவறைக்குப் போனார்கள். கால்சியம் படிந்த வால்வோடு இறந்துபோன 12 பேரின் இதயங்களில் 23 மில்லிமீட்டர் விட்டமுள்ள பால்மாஸ் ஸ்டென்டைப் பலூனால் விரித்து வைத்துப் பார்த்தார்கள். வேறு உறுப்புகளுக்காகச் செய்யப்பட்டு கடையில் கிடைத்த ஸ்டென்ட்தான். முதல் கேள்வி, அது வட்டமாக விரியுமா? விரிந்தது, எல்லா இதயங்களிலும். இரண்டாவது, சுற்றியிருக்கும் பாகங்களை இடிக்குமா? இந்த வால்வு இருக்கும் இடம் நெருக்கடியானது. சற்று மேலே இதயத்துக்கே ரத்தம் கொடுக்கும் தமனிகளின் வாய்கள், கீழே ஒருபக்கம் இடது மேலறைக்கும் இடது கீழறைக்கும் நடுவே இருக்கும் மைட்ரல் வால்வு, இன்னொரு பக்கம் இதயத்தின் மின் இணைப்புகள் ஓடும் தடுப்புச்சுவர். ஸ்டென்டின் உயரம் ஒன்றரை சென்டிமீட்டர் அளவில் இருந்தால் எதையும் தொடாமல் உட்காரும் என்று அளந்து கண்டார்கள். மூன்றாவது கேள்விதான் முக்கியம்: இதயம் ஒவ்வொரு முறை துடிக்கும்போதும் ரத்தம் மோதுமே, நிற்குமா? இழுத்துப் பார்த்தார்கள். சுமார் 2 கிலோ விசை கொடுத்தால்தான் அசைந்தது. எந்தக் கால்சியத்துக்காகச் சர்ஜன்கள் பயந்தார்களோ, அதே கால்சியம்தான் ஸ்டென்டைக் கவ்விப் பிடித்தது.

இந்தச் சோதனைக்குப் பெரிய ஆய்வுக்கூடமோ பெரிய நிதியோ தேவைப்படவில்லை. கிரிபியேயின் வாழ்க்கையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். பிற்பாடு கோடிக்கணக்கில் பணம் கொட்டிய தொழிலின் அடிப்படைக் கேள்விகள் ஒரு மாகாண மருத்துவமனையின் பிணவறையில் தீர்ந்தன.

யோசனை அவருக்கு மட்டுமே வந்தது என்று சொல்வது சரியாக இருக்காது. டென்மார்க்கின் ஹென்னிங் ரூட் ஆண்டர்சன் 1989-லேயே பன்றியின் வால்வைக் கம்பி வளையத்துக்குள் தைத்து, மடக்கி, கதீட்டர் வழியாகப் பன்றிக்குள் வைத்துக் காட்டிவிட்டார். அதை ஓர் இதழில் வெளியிட அவருக்கு 1992 வரை பிடித்தது. காப்புரிமையும் அவருடையதே. பாரிஸில் வேலை பார்த்த ஜெர்மானியர் ஃபிலிப் போன்ஹொஃபர், மாட்டின் கழுத்துச் சிரையிலிருந்து எடுத்த வால்வை ஸ்டென்டில் தைத்து, 2000-இல் 12 வயதுச் சிறுவன் ஒருவனின் நுரையீரல் வால்வு இருக்கும் இடத்தில் வைத்தார். மனித உடம்பில் கதீட்டர் வழியாக வைக்கப்பட்ட முதல் வால்வு அதுதான். கிரிபியேயின் பங்கு வேறு: முதியவர்களின் கால்சியம் இறுகிய பெருந்தமனி வால்வில், இது நிற்கும் என்று காட்டியதும், நின்றதும்.

கதவைத் தட்டிய காலம்

படம் வரைந்து, கணக்கு எழுதிக்கொண்டு அவர் மருத்துவக் கருவி நிறுவனங்களைத் தேடிப் போனார். ஐந்தாறு ஆண்டுகள் போனார். எல்லாரும் மறுத்தார்கள். ஒரு நிறுவனத்தின் நிபுணர் குழு, தான் கேட்டதிலேயே மிக முட்டாள்தனமான திட்டம் இது என்று சொன்னதாக அவரே பிற்பாடு பல மேடைகளில் சிரித்துக்கொண்டு சொல்வார்.

அந்த நிபுணர்களை நாமும் சேர்ந்து கேலி செய்ய வேண்டியதில்லை. அவர்கள் எழுப்பிய ஆட்சேபங்களைப் பார்த்தால் பாதி உண்மையாகவே நடந்தது. வால்வுக்கும் சுவருக்கும் இடையே கசியும் என்றார்கள், கசிந்தது. சில்லு உடைந்து பக்கவாதம் வரும் என்றார்கள், சிலருக்கு வந்தது. மின் இணைப்பு நசுங்கி இதயத் துடிப்பு நின்றுபோகும் என்றார்கள். இன்றும் ஒரு பகுதியினருக்கு வால்வோடு பேஸ்மேக்கரும் வைக்க வேண்டியிருக்கிறது. அவர்கள் பார்க்கத் தவறியது தராசின் மறுதட்டை: வால்வு வைக்காவிட்டால் இந்த நோயாளிகள் என்ன ஆவார்கள் என்பதை.

கடைசியில் 1999-இல் அமெரிக்க இதய மருத்துவர் மார்ட்டின் லியோன், தொழில் அனுபவமுள்ள ஸ்டான் ரோ, ஸ்டான் ரபினோவிச் ஆகியோரோடு சேர்ந்து கிரிபியே தானே ஒரு சிறு நிறுவனம் தொடங்கினார். ஆண்டர்சனின் காப்புரிமைக்கு உரிமம் வாங்கினார்கள். இஸ்ரேலியப் பொறியாளர் குழு ஒன்று வடிவமைப்பை ஏற்றது. வேலை எங்கே கடினம் என்றால், விரித்தால் 23 மில்லிமீட்டர் வரும் வால்வை, மடக்கிய குடை போல 8 மில்லிமீட்டர் குழாய்க்குள் நுழையும் அளவுக்கு நசுக்க வேண்டும். உள்ளே போய் விரிந்தபின் இதழ்களில் ஒரு கிழிசல் இருக்கக் கூடாது. தையல் ஒன்று விடக் கூடாது. பிறகு அது நாளுக்கு ஒரு லட்சம் தடவை திறந்து மூட வேண்டும். பாலியூரிதேன் இதழ்களில் ஆரம்பித்து, கடைசியில் மாட்டின் இதய உறையிலிருந்து எடுத்துப் பதப்படுத்திய திசுவுக்கு வந்தார்கள். ஐந்தாண்டுத் துடிப்புக்குச் சமமாக 20 கோடி தடவை இயந்திரத்தில் திறந்து மூடிப் பார்த்தார்கள். பாரிஸில் ஆடுகளுக்கு வைத்துப் பார்த்தார்கள்.

2002 ஏப்ரல் 16

முதல் மனித நோயாளியின் நிலைமையைக் கேட்டால் எந்த மருத்துவரும் கை உதறிவிடுவார். வயது 57தான். ஆனால் ரத்த அழுத்தம் விழுந்து அதிர்ச்சி நிலையில் இருந்தார். இதயத்தின் பம்பு திறன் 12 சதவிகிதம் (நல்ல இதயத்தில் இது 55-க்கு மேல் இருக்கும்). இடது கீழறைக்குள் ரத்தக்கட்டி. கால்களுக்குப் போகும் தமனிகள் அடைபட்டு, அதற்குச் செய்த பைபாஸும் அடைபட்டு, ஒரு கால் ரத்தமில்லாமல் செத்துக்கொண்டிருந்தது. சர்ஜன்கள் மறுத்துவிட்டார்கள். பலூன் வைத்தும் பலன் நிற்கவில்லை.

தமனி வழி அடைபட்டிருந்ததால், திட்டமிட்டிருந்த பாதை மூடிக்கிடந்தது. கிரிபியேயும் எல்ச்சானினோஃபும் இன்னொரு சகாவான கிறிஸ்தோஃப் த்ரோனும் சுற்றுவழியில் போனார்கள். தொடையின் சிரை வழியாக வலது மேலறைக்கு ஏறி, அங்கிருந்து தடுப்புச்சுவரில் ஊசியால் துளைபோட்டு இடது மேலறைக்குள் நுழைந்து, மைட்ரல் வால்வு வழியாக இடது கீழறைக்கு இறங்கி, அங்கே வளைந்து மேல்நோக்கித் திரும்பி, பெருந்தமனி வால்வுக்கு அடிப்பக்கமாக வந்து சேரும் வழி. வழியில் ரத்தக்கட்டியை அசைக்கக் கூடாது. கம்பி இழுபட்டு மைட்ரல் வால்வு திறந்தபடியே நின்றுவிட்டால் அழுத்தம் சரிந்துவிடும். நோயாளிக்கு லேசான மயக்க மருந்து மட்டும், விழித்துக்கொண்டிருந்தார்.

வால்வு உட்கார்ந்தது. கொஞ்சம் கசிவு, தமனி வாய்கள் தப்பின, மைட்ரலுக்கு இடிபாடு இல்லை. சில நிமிடங்களில் ரத்த அழுத்தம் ஏறி, சாம்பல் நிறத்தில் இருந்த முகம் நிறம் மாறியது என்பார் கிரிபியே. செய்தி உலகைச் சுற்றியது. அந்த ஆண்டு டிசம்பரில் சர்க்குலேஷன் இதழில் கட்டுரையும் வந்தது.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் பலர் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். அந்த மனிதர் 17 வாரங்கள் உயிரோடு இருந்தார். வால்வு கடைசிவரை நன்றாக வேலை செய்தது, இதயத் தளர்ச்சி திரும்பவில்லை. கால் போய்க்கொண்டே இருந்தது; வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று. புண் ஆறவில்லை, நோய்த்தொற்று பரவி இறந்தார். கிரிபியேயின் கட்டுரை இதை ஒளிக்காமல் சொல்கிறது. இந்த முயற்சி சரியா, சாகக் கிடந்தவர் மீது பரிசோதனை செய்ததா என்று கேட்டவர்களும் உண்டு. வேறு எந்த வழியும் மிச்சமில்லாத ஒருவருக்குச் செய்யலாம் என்பதுதான் அன்றைய அனுமதியின் எல்லை. அந்த எல்லைக்குள்தான் அவர் நின்றார். ஆனால் அதில் ஒரு விபரீதமும் இருக்கிறது. சில வாரங்களே உயிரோடு இருக்கக்கூடியவர்களுக்கு மட்டும் ஒரு புது வைத்தியத்தைச் செய்துகொண்டே போனால், அது நல்ல வைத்தியமா என்பது யாருக்கும் தெரியவராது. நோயாளி வேறு காரணத்தால் இறந்துவிடுவார். அடுத்த சில ஆண்டுகள் ருவானில் நடந்தது இதுதான்.

சுற்றுவழி சுருங்கியது

அந்தத் துளைபோட்டுப் போகும் சுற்றுவழியைக் கிரிபியேயின் குழு கைவசப்படுத்தியிருந்தது. மற்ற மருத்துவமனைகளில் பலருக்கு அது வரவில்லை. ஒருவர் கைக்கு மட்டும் வரும் சிகிச்சை பரவாது. 2004-இல் அமெரிக்காவின் எட்வர்ட்ஸ் லைஃப்சயன்சஸ் நிறுவனம் கிரிபியே குழுவின் நிறுவனத்தை 12.5 கோடி டாலருக்கு வாங்கியது. கனடாவின் வான்கூவரில் ஜான் வெப், கைப்பிடியிலிருந்தே வளைக்கக்கூடிய கதீட்டரை வைத்து 2005-இல் தொடைத் தமனி வழியாகவே நேராக வால்வைக் கொண்டுபோனார். இதயத்தைச் சில நொடிகள் நிமிடத்துக்கு 180-க்கு மேல் வேகமாகத் துடிக்கவைத்து, ரத்தம் தள்ளாமல் செய்துவிட்டு, அந்த அமைதியில் பலூனை ஊதும் தந்திரமும் வழக்கமானது. 8 மில்லிமீட்டராக இருந்த குழாய் ஆண்டுக்காண்டு ஒல்லியானது. இன்னொரு பிரெஞ்சுக்காரரான ஜாக் செகேன் தானாக விரியும் நிட்டினால் என்ற உலோகக்கலவைக் கம்பியில் வேறொரு வால்வைக் கொண்டுவந்தார். 2007-இல் இரண்டு வால்வுகளுக்கும் ஐரோப்பிய அனுமதி கிடைத்தது. இரண்டு வால்வுகளையும் விற்ற பெருநிறுவனங்கள் காப்புரிமைக்காக நீதிமன்றத்தில் வருடக்கணக்கில் மோதி, 2014-இல் ஒன்று மற்றொன்றுக்கு 75 கோடி டாலரும் மேற்கொண்டு உரிமத்தொகையும் கொடுத்துச் சமாதானமாயின. முட்டாள்தனமான திட்டத்தின் விலை அது.

சந்தேகத்தைத் தீர்த்தது 2010-இல் வந்த பார்ட்னர் ஆய்வு. அறுவைக்கே லாயக்கில்லை என்று தீர்மானிக்கப்பட்ட 358 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். பாதிப்பேருக்கு அறுவையில்லாத பழைய வைத்தியம் (மருந்து, பலூன்), பாதிப்பேருக்குக் கதீட்டர் வால்வு. ஓராண்டு முடிவில் பழைய வைத்தியம் பெற்றவர்களில் 50.7 சதவிகிதம் பேர் இறந்திருந்தார்கள். வால்வு பெற்றவர்களில் 30.7 சதவிகிதம். அதாவது ஐந்து பேருக்கு வைத்தால் ஓராண்டில் ஓர் உயிர் மிஞ்சும். இதயவியலில் இப்படிப்பட்ட வித்தியாசம் காட்டும் சிகிச்சைகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. அதே ஆய்வில் முதல் 30 நாளில் பெரிய பக்கவாதம் வால்வு பெற்றவர்களில் 5 சதவிகிதம் பேருக்கு, மறுபக்கம் 1.1. ரத்தக்குழாய்ச் சேதமும் மிக அதிகம். நிபுணர் குழு சொன்ன பயங்கள் இங்கே எண்ணாக வந்து நின்றன. ஆனாலும் தராசு எந்தப் பக்கம் சாய்ந்தது என்பதில் சந்தேகமில்லை.

அதற்குப் பிறகு படிப்படியாக ஆரோக்கியமானவர்கள் பக்கம் சிகிச்சை நகர்ந்தது. 2019-இல் வந்த மூன்றாவது பார்ட்னர் ஆய்வு, அறுவை ஆபத்து மிகக் குறைந்த 1,000 பேரிடம் நடத்தப்பட்டது. இறப்பு, பக்கவாதம், மறுபடி மருத்துவமனையில் சேர்தல் மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் ஓராண்டில் கதீட்டர் வால்வுக்கு 8.5 சதவிகிதம், அறுவைக்கு 15.1. டாவி என்று மருத்துவமனை வராந்தாக்களில் சொல்லப்படும் இந்தச் சிகிச்சை, சர்ஜன் கைவிட்டால் மட்டும் என்ற இடத்திலிருந்து, சர்ஜனுக்குப் போட்டி என்ற இடத்துக்கு வந்துவிட்டது. ஐந்தாண்டுக் கணக்கு 2023-இல் வந்தபோது இரண்டுக்கும் புள்ளியியல்படி வித்தியாசமில்லை.

கழுவிப் பயன்படுத்தும் கருவி

கிரிபியேயைப் பற்றி எழுதுகிறவர்கள் அதிகம் சொல்லாத ஒரு கருவி உண்டு, அதற்கும் நம் ஊர்ப்பக்கத்து நோய்க்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. சிறுவயதில் தொண்டைப்புண்ணைத் தொடர்ந்து வரும் ருமாட்டிக் காய்ச்சல், பிற்பாடு மைட்ரல் வால்வை ஒட்டவைத்துச் சுருக்கிவிடும். இந்தியாவில் இருபது முப்பது வயதுப் பெண்கள் பிரசவ நேரத்தில் மூச்சுத்திணறி வந்து, அப்போதுதான் இந்த நோய் தெரியவருவது இதய மருத்துவர்களுக்குப் பழகிய காட்சி. ஜப்பானின் கான்ஜி இனோவே உருவாக்கிய பலூன் இதற்கு அருமையான வைத்தியம். ஆனால் விலை அதிகம். ஏழை நாடுகளில் ஒரே பலூனைப் பலருக்குப் பயன்படுத்துவார்கள். பலூன் அதைத் தாங்காது.

1995-இல் கிரிபியே இதற்கென ஓர் உலோகக் கருவியைக் கொண்டுவந்தார். கதீட்டர் நுனியில் இரண்டு உலோகத் தண்டுகள். வெளியே இடுக்கி போன்ற கைப்பிடியை அழுத்தினால் உள்ளே தண்டுகள் விலகி 40 மில்லிமீட்டர் வரை விரியும், ஒட்டிய இதழ்கள் பிரியும். சர்ஜன்கள் ஒரு காலத்தில் மார்பைத் திறந்து உள்ளே விட்டு விரித்த கருவியின் தத்துவம்தான், கதீட்டருக்குள் குறுக்கப்பட்டிருந்தது. வேலை முடிந்ததும் கழற்றி, கழுவி, நீராவியில் கிருமி நீக்கி, அடுத்த நோயாளிக்குப் பயன்படுத்தலாம். இந்தியா உட்படப் பல நாடுகளில் செய்து பார்த்தார்கள், பலனும் நன்றாகவே இருந்தது. இனோவே பலூனைக் கையாள்வது எளிது என்பதால் பிற்பாடு அதுவே நிலைத்தது. சந்தையில் வெல்லவில்லைதான். ஆனால் பணக்கார நாட்டு மருத்துவர் ஒருவர், தன் நாட்டில் ஏறக்குறைய மறைந்துவிட்ட நோய்க்காக, திரும்பத் திரும்பப் பயன்படுத்தக்கூடிய கருவி ஒன்றை உட்கார்ந்து யோசித்தார் என்பது அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறது.

டாவி வால்வுக்கு அந்த வழி இல்லை. விலங்குத் திசு, தையல், ஒருமுறை விரிந்தால் மடங்காது. அதனால்தான் இன்றும் இந்தியாவில் இதன் விலை பல லட்சம் ரூபாய். குஜராத்தின் வாப்பியில் உள்ள மெரில் நிறுவனம் தயாரித்த மைவால் என்ற வால்வுக்கு 2018-இல் இந்திய அனுமதியும், அடுத்த ஆண்டு ஐரோப்பிய அனுமதியும் கிடைத்தன. அதை அந்த இரண்டு பெரிய வெளிநாட்டு வால்வுகளோடு ஒப்பிட்டு 768 பேரிடம் நடந்த லேண்ட்மார்க் ஆய்வு, 2024-இல் லான்செட்டில் வெளிவந்தது. முதல் 30 நாள் முடிவுகளில் மைவால் பின்தங்கவில்லை.

அதே 2024-ஆம் ஆண்டு பிப்ரவரி 16 அன்று, 79 வயதில் கிரிபியே இறந்தார். ருவானில் அவர் வகித்த துறைத் தலைமை ஏற்கனவே எல்ச்சானினோஃபிடம் போயிருந்தது. அந்த ஊரிலேயே ஒரு பயிற்சி மையம் நிறுவி, உலகம் முழுக்கவிருந்து வந்த மருத்துவர்களுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். ஓய்வு நேரத்தில் பியானோ.

அவர் விட்டுச்சென்ற கேள்வி இப்போது வேறு வடிவில் இருக்கிறது. 85 வயதுக்காரருக்கு டாவி வைப்பதில் பெரிய விவாதம் இல்லை. 60 வயதுக்காரர் அறுவை வேண்டாம், மூன்றே நாளில் வீட்டுக்குப் போகணும் என்று கேட்டால்? திசு வால்வு நிரந்தரமானதல்ல. தேய்ந்தபின் அதற்குள்ளேயே இன்னொரு வால்வை வைக்கலாம், ஆனால் வழி குறுகும். தமனி வாய்களை மறைக்கவும் கூடும். அறுத்து எடுக்க வேண்டி வந்தால், சுவரோடு ஒட்டிக்கொண்ட ஸ்டென்டைப் பிரித்தெடுப்பது முதல் அறுவையைவிடக் கடினம். 2020-இன் அமெரிக்க வழிகாட்டி 65 வயதுக்குக் கீழே அறுவை, 80-க்கு மேலே டாவி, இடையில் பேசி முடிவெடுங்கள் என்கிறது. 2021-இன் ஐரோப்பிய வழிகாட்டி கோட்டை 75-இல் போட்டிருந்தது. இரண்டுமே, முடிவை இதய மருத்துவரும் சர்ஜனும் ஒரே மேஜையில் உட்கார்ந்து எடுக்கச் சொல்கின்றன. 1985-இல் அந்த மேஜையில் சர்ஜன் மட்டும்தான் இருந்தார்.